பெரியப்பாவின் கட்டைவிரல்

பெரியப்பா மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் அவருக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்காணிப்பு வீட்டிலிருந்து செல்போனுக்கு இடம் மாறியது. வாட்ஸ்அப் பார்த்து முடித்த கையோடு திரையின் அடியிலிருந்து விரலை இழுப்பார். அதுவரை திறந்த ஆப்கள் எல்லாம் சீட்டுக்கட்டு போல வரிசையாக வந்து நிற்கும். கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளுவார். கடைசிச் சீட்டும் போனதும் முகத்தில் ஒரு நிம்மதி.

"எல்லாம் பின்னாடி சும்மா ஓடிக்கிட்டே இருக்கும்டா. ரேமும் போகும், சார்ஜும் போகும்."

பேருந்தில் பக்கத்து இருக்கையைப் பாருங்கள், இதே கட்டைவிரல், இதே வேகம். எனக்கும் இந்தப் பழக்கம் பல வருடம் இருந்தது. விளக்கை அணைப்பதுபோல ஒரு நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு சோதனை. போனை முழுக்க அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். எந்த ஆப்பையும் தொடாமல் அந்தச் சீட்டு வரிசையைத் திறந்தால், பெரும்பாலான போன்களில் பழைய சீட்டுகள் அப்படியே இருக்கும். இப்போதுதான் உயிர் வந்த போனில் அத்தனை ஆப்கள் எப்படி ஓட முடியும்? ஓடவில்லை. அந்த வரிசை நீங்கள் சமீபத்தில் போய்வந்த இடங்களின் பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு சீட்டிலும் தெரிவது ஆப் அல்ல, நீங்கள் அதைவிட்டு வெளியே வந்தபோது போன் எடுத்து வைத்துக்கொண்ட படம். படத்துக்குப் பின்னால் ஆப் உயிரோடு இருக்கலாம், உறைந்து கிடக்கலாம், எப்போதோ செத்தும் போயிருக்கலாம். எது எந்த நிலையில் இருக்கிறது என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடையில் "எட்டு, நூத்தி இருபத்தெட்டு" என்று சொல்லி போன் விற்கிறார்களே, அதில் 128 ஜிபி என்பது பரண். 8 ஜிபி ரேம் என்பது அடுப்பு மேடை. பரணில் எத்தனை பாத்திரம் வேண்டுமானாலும் அடுக்கலாம், ஆனால் சமைக்க வேண்டுமென்றால் இறக்கி மேடைக்குக் கொண்டுவர வேண்டும். ஆப்பை முதல் முறை திறப்பது அப்படி இறக்குவதுதான். பெரியப்பா செய்வது, ஒவ்வொரு காபிக்கும் பிறகு பாலையும் டிகாக்‌ஷனையும் டம்ளரையும் மறுபடி பரணில் ஏற்றிவிட்டு மேடையைத் துடைப்பது. மேடை பளிச்சென்றுதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் இன்னொரு காபி கேட்பாரே!

மேடையைக் காலியாக வைத்தால் சார்ஜாவது மிஞ்சுமா என்றால், ரேம் வேலை செய்யும் விதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் ரேமுக்கு அடிப்படை: ஒரு துணுக்குத் தகவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. இந்த மின்தேக்கி ஒரு ஓட்டைக் குடம். வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் பொதுவாக 32 அல்லது 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லாக் குடங்களையும் பார்த்து மறுபடி நிரப்ப வேண்டும். குடத்தில் இருப்பது வாட்ஸ்அப்பின் தகவலா, யாருக்கும் வேண்டாத மிச்சமா என்று நிரப்புகிறவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் நிரப்புகிறான். ஆகவே ரேம் நிறைந்திருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் மின்செலவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. செலவு வருவது மறுபடி இறக்கும்போது. பரணிலிருந்து ஆப்பை எடுத்து, பிரித்து, திரையை முதலிலிருந்து வரைய பிராசஸர் தன் முழு வேகத்தில் உழைக்க வேண்டும். மேடையில் கிடந்த ஆப்பைத் தொட்டு எழுப்புவதற்கு அதில் சிறு பங்கு உழைப்புகூடத் தேவையில்லை.

இந்த இறக்கும் வேலையைக் குறைக்க ஆண்ட்ராய்டில் ஒரு தந்திரம் உண்டு. போன் ஆன் ஆகும்போதே சைகோட் என்றொரு நிரல் தொடங்கிவிடும். உயிரியலில் கருவுற்ற முட்டைக்கு உள்ள பெயர். எல்லா ஆப்களுக்கும் பொதுவாகத் தேவைப்படுகிற சாமான்களை அது முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் ஒரு ஆப்பைத் தொட்டதும் சைகோட் தன்னைப் போலவே ஒரு நகலைப் பிரித்துக் கொடுக்கும், அந்த நகல் அந்த ஆப்பாக வளரும். முதல் நாளே மாவு அரைத்து வைத்த வீட்டில் தோசை கேட்டவுடன் கிடைக்கிறதல்லவா, அது மாதிரி.

2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீமில் ரேம் 192 எம்பி. இன்றைய நடுத்தரப் போனில் அதைப் போல நாற்பது மடங்கு இருக்கிறது. அந்தச் சிறிய மேடையில் சமைக்க வேண்டியிருந்ததால், ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு கடுமையான முடிவு எடுத்தார்கள். எந்த ஆப்பையும் எந்த நேரத்திலும் கொல்லும் உரிமை போனுக்கு உண்டு. இடம் இருக்கும்வரை யாரையும் தொடுவதில்லை, இடம் போதாதபோது கேட்காமல் கொல்வது. அந்தக் குழுவின் பொறியாளர் டயான் ஹேக்பார்ன் 2010இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். ஆப்பை மூடும் வேலை பயன்படுத்துகிறவருடையது அல்ல என்பதுதான் அந்த வடிவமைப்பின் சாரம்.

யாரை முதலில் கொல்வது என்பதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. மதிப்பெண் கூடக் கூட ஆபத்து. அளவுகோல் -1000 முதல் 1000 வரை. போனின் உயிர்நாடியான நிரல்கள் சுழியத்துக்குக் கீழே, யாரும் நெருங்க முடியாத இடத்தில். இப்போது உங்கள் கண் முன்னால் இருக்கும் ஆப்புக்கு 0. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரிகிற, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்கு 200. முகப்புத் திரைக்கு 600. சற்றுமுன் பயன்படுத்திவிட்டு வந்த ஆப்புக்கு 700. உடனே அதற்குத் திரும்புவது மனித சுபாவம் என்பதால் இந்தத் தனிச் சலுகை. மற்ற பழைய ஆப்கள் எல்லாம் 900இலிருந்து 999 வரை வரிசையில் நிற்கும்.

முகப்புத் திரைக்கே 600 என்பதைக் கவனியுங்கள். பெரிய விளையாட்டு ஒன்றை ஆடி முடித்து வெளியே வரும்போது, ஐகான்கள் ஒரு கணம் கழித்து ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு கேட்ட இடத்துக்காக முகப்புத் திரையையே போன் பலி கொடுத்திருக்கிறது. நீங்கள் வெளியே வந்ததும் அவசரமாகப் புதிதாய்க் கட்டுகிறது.

கொல்வதற்கு முன்னறிவிப்பும் கிடையாது. அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட ஆப், திரையைவிட்டு விலகும்போதே தான் எந்தப் பக்கத்தில் இருந்தது, என்ன தட்டச்சு செய்து பாதியில் நின்றது என்பதைக் குறித்து வைத்துவிடும். உயில் எழுதி வைத்துவிட்டு யாத்திரை போன அந்தக் காலத்துப் பெரியவர்களைப் போல. திரும்பி வரும்போது குறிப்பைப் படித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். எல்லா ஆப்பும் அவ்வளவு ஒழுங்கில்லை. பணம் அனுப்பப் பாதி வரை வந்து, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் ஆப் முதல் பக்கத்தில் நின்று "வணக்கம்" சொல்லும். அந்த எரிச்சலுக்கு ரேம் பாதிக் காரணம், குறித்து வைக்காத ஆப் மீதிக் காரணம்.

இடம் போதவில்லை என்று போனுக்கு எப்படித் தெரியும்? முன்பெல்லாம் மிச்சம் எத்தனை எம்பி என்று எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்தது. அது நல்ல அளவுகோல் அல்ல. மெஸ்ஸில் எத்தனை இலை காலியாக இருக்கிறது என்று எண்ணுவதைவிட, சாப்பிட வந்தவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்ப்பதுதான் நெரிசலைச் சொல்லும். 2018 கடைசியில், ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸில் அந்த வசதி வந்தது. நினைவக இடத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் முடங்கி நின்றன என்று அது அளக்கும். ஆண்ட்ராய்டின் கொலைகாரன் இப்போது அந்த அளவை வைத்துத்தான் கை ஓங்குகிறான்.

கொல்வதற்கு முன் சுருக்கிப் பார்ப்பதும் உண்டு. பாயை விரித்தால் கூடம் முழுக்க அடைக்கும், சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஒரு கை அகலம். அதிகம் தொடாத நினைவகப் பகுதிகளை ஆண்ட்ராய்டு அப்படித்தான் சுருட்டி அதே ரேமின் மூலையில் நிறுத்துகிறது. பரணுக்குப் போகாததால் மறுபடி விரிக்க அதிக நேரமாகாது. சில போன்களில் "8+8 ஜிபி" என்று விளம்பரம் வருகிறதே, அது வேறு. பரணில் ஒரு மூலையை ஒதுக்கி அதையும் அடுப்பு மேடை என்று கணக்குச் சொல்வது.

"அப்போ பின்னாடி ஓடுறது பொய்யா?" என்று பெரியப்பா கேட்டார். முழுப் பொய் இல்லை. ஆரம்ப கால ஆண்ட்ராய்டில் ஆப்கள் பின்னால் இஷ்டத்துக்கு ஓடின, அவரது சந்தேகத்துக்கு அப்போது ஆதாரம் இருந்தது. பிறகு கயிறு இறுகியது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, போன் அசையாமல் கிடந்தால் ஆப்களை ஆழ்ந்த தூக்கத்தில் தள்ளியது. 2017இல் ஆண்ட்ராய்டு 8, திரைக்குப் பின்னால் போன ஆப் தன் சேவைகளைச் சில நிமிடங்களுக்கு மேல் ஓட்டக்கூடாது என்றது. ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து பழைய ஆப்களை உறைய வைக்கும் வழக்கமும் வந்தது. குழந்தைகள் "ஸ்டாச்சு!" என்று கத்தியதும் கை காலை அசைக்காமல் நிற்பார்களே, அப்படி ரேமில் இடம் மட்டும் பிடித்துக்கொண்டு ஆப் நிற்கும். பிராசஸரில் ஒரு துளிகூட அதற்குப் போகாது.

வாட்ஸ்அப் செய்தி வருவதற்கும் வாட்ஸ்அப் விழித்திருக்கத் தேவையில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், எல்லா ஆப்களின் அறிவிப்புகளுக்கும் பொதுவாகக் கூகுள் சேவை ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. தபால் வந்தால் அதுதான் அந்தந்த ஆப்பைத் தட்டி எழுப்பும்.

ஐபோனிலும் கதை ஏறக்குறைய இதுதான், கொலைகாரனின் பெயர்தான் வேறு: ஜெட்சம். கப்பல் மூழ்காதிருக்கக் கடலில் எறியும் சரக்குக்கான சொல். பேட்டரிக்காக ஆப்களை மூட வேண்டுமா என்று ஒருவர் ஆப்பிளுக்கு மின்னஞ்சலில் கேட்டபோது, மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி 2016இல் வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

சார்ஜைத் தின்கிறவை எவை என்றால், பெரும்பாலும் நாமே அனுமதி கொடுத்தவை. வழி காட்டும் மேப், ஓடும் பாட்டு, இருப்பிடத்தைப் பகிரும் ஆப். இவை அறிவிப்புப் பட்டையில் தலையைக் காட்டியாக வேண்டும் என்பது விதி. ஆண்ட்ராய்டு 13 முதல் அந்தப் பட்டையின் அடியிலேயே இப்படி ஓடுபவற்றின் பட்டியலும் நிறுத்தும் பொத்தானும் இருக்கின்றன. சீட்டுக்கட்டைவிட இந்த இடத்தைப் பார்ப்பது பயன். ஹேங் ஆன ஆப்பைத் தள்ளிவிடுவதும் சரிதான், அதற்காகத்தான் அந்த வசதியே. ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி ராக்கெட் பறக்கவிடும் ஆப்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. மேடையைத் துடைக்க வந்தவன் மேடைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மசியவில்லை. மசிய வைத்தது மாத்திரை. காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஞாபகப்படுத்த ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்று நாள் அது வாயே திறக்கவில்லை. வழக்கமான ஆண்ட்ராய்டில் சீட்டைத் தள்ளினாலும் ஆப் வைத்த அலாரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சார்ஜ் நிறைய நிற்கிறது என்று பெயர் வாங்குவதற்காகச் சில தயாரிப்பாளர்கள் கூடுதல் கெடுபிடி சேர்த்திருக்கிறார்கள். அந்தப் போன்களில் சீட்டைத் தள்ளுவது, அமைப்புகளில் போய்க் கட்டாயமாக நிறுத்துவதற்குச் சமம். அப்படி நிறுத்தப்பட்ட ஆப், அதன் அலாரங்களோடு சேர்ந்து, நீங்களாகத் திறக்கும்வரை எழாது. பெரியப்பாவின் போன் அந்த ஜாதி.

பேட்டரிப் பகுதிக்குள் போய் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கினேன். தானாகத் தொடங்க அனுமதி கொடுத்தேன். சீட்டு வரிசையில் அதை அழுத்திப் பிடித்ததும் ஒரு பூட்டுப் படம் வந்தது, அதைத் தொட்டேன்.

"இதை மட்டும் தள்ள வராது பெரியப்பா. மத்ததையும் சும்மா விடுங்க, அதுவா பாத்துக்கும்."

"சரி சரி" என்றார்.

அடுத்த வாரம் போனபோது போனை வாங்கிப் பார்த்தேன். மாத்திரை ஆப் ஒழுங்காக வேலை செய்கிறது. சீட்டு வரிசையை இழுத்தேன். வாட்ஸ்அப், பஞ்சாங்கம், கிரிக்கெட் ஸ்கோர், டார்ச், கால்குலேட்டர் என்று பதினோரு ஆப்களில் பூட்டுத் தொங்கியது.