மருந்துப் புட்டியின் விவரச் சீட்டு யாருக்காக?

தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. கலவை போடுமிடத்தில் வெளிச்சம் குறைவு, கைகளில் உறை, வேலையை முடிக்கும் அவசரம் வேறு. அந்த நேரத்தில்தான் புட்டியில் ஒட்டப்பட்டுள்ள விவரச் சீட்டை ஒருவர் படித்தாக வேண்டும். கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் கடைசி வரிசைப் பிள்ளையை எண்ணியே எழுத்தின் அளவைத் தீர்மானிக்கிறார். விவரச் சீட்டை எழுதுவோரும் அவ்வாறே கலவை போடுபவரை எண்ணி எழுத வேண்டும். பலர் அப்படி எழுதுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, இம்மருந்துகள் பதிவு செய்யப்பட்ட பின்னரே விற்பனைக்கு வரலாம். சீட்டு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் விதிகள் வரையறுத்தன. எச்சரிக்கைகள் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இடம்பெறுகின்றன. சீட்டிலுள்ள வண்ணப் பட்டை நஞ்சின் கடுமையைக் காட்டும். கறுப்பு மிகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பின்னர் மஞ்சள், நீலம், வெள்ளை எனக் கடுமை படிப்படியாகக் குறையும். வெள்ளைப் பட்டை என்பதால் தீங்கே இல்லை என்று எண்ணிவிடலாகாது.

எழுத்தறியாதாருக்கும் பயன்படும் பொருட்டு, 1980களில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் மருந்து உற்பத்தியாளர்களும் இணைந்து சிறு படங்களை உருவாக்கினர். மருந்தை ஊற்றும் படத்தின் அருகே கலக்கும்போது அணிய வேண்டியவையும், தெளிக்கும் படத்தின் அருகே தெளிக்கும்போது அணிய வேண்டியவையும் காட்டப்படும். நீர் கலவாத மருந்தே அதிக ஆபத்தானது. ஆதலால் இவ்விரண்டும் வேறுபடலாம். இன்று நம் தோட்டங்களில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரும் உழைக்கின்றனர். அந்த நான்கு மொழிகளுள் ஒன்றும் அறியாதவருக்குப் படமே துணை. எனினும், மீன் படத்தைக் கண்டு, இது மீனுக்குரிய மருந்து என்று ஒருவர் எண்ணக்கூடும். நீர்நிலைகளில் கலக்கக்கூடாது என்பதே அதன் பொருள். படத்தையும் ஒருமுறையேனும் விளக்கிச் சொல்லவே வேண்டும்.

அளவு பற்றிய குறிப்பில்தான் குழப்பம் மிகுதி. பத்து லிட்டர் நீருக்கு 50 மில்லிலிட்டர் என்று சீட்டு சொல்வதாகக் கொள்வோம். தோளில் சுமக்கும் பம்போ 16 லிட்டர் கொள்ளும். அதற்கு 80 மில்லிலிட்டர் தேவை என்ற கணக்கைத் தொழிலாளியே போட வேண்டியிருக்கிறது. கலவை போடுமிடத்துப் பலகையில் ‘ஒரு பம்புக்கு 80’ என்று மண்டோர் எழுதி வைத்து, கோடிட்ட அளவுக் குவளை ஒன்றையும் அங்கே வைத்தால் இச்சிக்கல் தீர்ந்துவிடும்.

சீட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மருந்து வேறு புட்டிக்கு மாறினால் அது உடன் செல்வதில்லை. பாராகுவாட் இதற்குத் துயரமான சான்று. அதை முறிக்கும் மருந்து கிடையாது. ஒரு மிடறு விழுங்கினாலும் உயிர் போகலாம். கருமையான அந்தத் திரவத்தைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைத்ததால், பானமென்று எண்ணிப் பருகி மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. பின்னர் உற்பத்தியாளர்கள் அதில் நீலச் சாயத்தையும் துர்நாற்றத்தையும் வாந்தியெடுக்கச் செய்யும் பொருளையும் சேர்த்தனர். எழுத்து சென்றெட்டாத இடத்தில் நிறமும் நாற்றமும் எச்சரிக்க வேண்டியதாயிற்று! அப்படியும் மரணங்கள் முற்றாக நிற்கவில்லை. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து பாராகுவாட் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால், மற்ற மருந்துகளை மினரல் தண்ணீர்ப் புட்டிகளில் ஊற்றி லயத்து வீட்டிற்கு எடுத்துச் செல்லும் வழக்கம் உள்ள இடங்களில் அதே ஆபத்து காத்திருக்கிறது.

வேலைக்குரிய தகவலும் பயிற்சியும் அளிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. ஆகவே, சீட்டு கிழிந்த அல்லது சீட்டே இல்லாத புட்டி தரப்பட்டால், அது என்ன மருந்து என்று தயங்காமல் கேளுங்கள். மருந்து உடலுக்குள் சென்றுவிட்டதாக ஐயம் எழுந்தால், நோயாளியுடன் அந்தப் புட்டியையோ சீட்டையோ மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சீட்டிலுள்ள மருந்தின் பெயரைக் கண்டே மருத்துவர் சிகிச்சை முறையை முடிவு செய்வார்.