பந்தய விதிகளும் கியர் பெட்டியும்

மோட்டார் வாகனத்தின் எஞ்சின் எல்லா வேகங்களிலும் ஒரே அளவு திறனைத் தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட சுழற்சி எல்லைக்குள்தான் அது தன் முழுத் திறனையும் வெளிப்படுத்துகிறது. சக்கரங்களோ நின்ற நிலையிலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டர் வரை எந்த வேகத்திலும் சுழல வேண்டியிருக்கின்றன. இவ்விரண்டையும் இணக்கப்படுத்துவதே கியர் பெட்டியின் பணியாகும். மோட்டார் பந்தயத்தில் இப்பணியைச் செம்மைப்படுத்தப் பொறியியலார் இடைவிடாது முயன்று வந்துள்ளனர். ஆயினும் அவர்கள் எண்ணியதையெல்லாம் செய்துவிட இயலாது. ஒவ்வொரு பந்தயத்திற்கும் தொழில்நுட்ப விதிகள் உண்டு. அவ்விதிகள் புதுமையைத் தடுக்கின்றனவா, வளர்க்கின்றனவா என்னும் வினாவிற்குக் கியர் பெட்டியின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

பதினான்கு கியர்கள்

1967-ஆம் ஆண்டில் ஜப்பானிய சுசுகி நிறுவனம் 50 கன சென்டிமீட்டர் வகுப்புக்கென உருவாக்கிய பந்தய மோட்டார் சைக்கிளில் 14 கியர்கள் இருந்தன. அதன் சிறிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 17,000 சுழற்சிகளுக்கு மேல் சுழன்றது. ஆனால் பயனுள்ள திறன் மிகக் குறுகிய சுழற்சி எல்லைக்குள் மட்டுமே கிடைத்தது. சுழற்சி சற்றுக் குறைந்தாலும் திறன் சரிந்துவிடும். ஆகவே நெருங்கிய படிகளாகப் பல கியர்கள் தேவைப்பட்டன. அவ்வாண்டில் சுசுகி வண்டியோட்டி ஹான்ஸ் ஜார்ஜ் ஆன்ஷைட் உலகப் பட்டம் வென்றார்.

இப்போக்கு நீடித்தால் செலவு அளவின்றிப் பெருகும். 1969 முதல் இவ்வகுப்பில் ஒரு சிலிண்டரும் ஆறு கியர்களும் மட்டுமே இருக்கலாம் என்று விதிக்கப்பட்டது. அவ்வாண்டில் ஸ்பெயின் நாட்டு டெர்பி வண்டியில் ஆங்ஹெல் நியேட்டோ உலகப் பட்டம் பெற்றார். கியர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் வழி அடைபட்டபின், எஞ்சினின் பயனுள்ள சுழற்சி எல்லையை அகலப்படுத்துவதே எஞ்சிய வழியாயிற்று.

படிகளற்ற கியர்

ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் 1989-ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி 640 காரில் கியர் தண்டு இல்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னுள்ள சிறு நெம்புகோலை விரலால் இழுத்தால், மின்னணுக் கட்டுப்பாடும் திரவ அழுத்தமும் கியரை மாற்றின. பிரேசிலில் நடந்த தன் முதற் பந்தயத்திலேயே நைஜல் மேன்சல் ஓட்ட, அந்தக் கார் வென்றது. விதி இதனைத் தடுக்கவில்லை. சில ஆண்டுகளில் ஏனைய அணிகளும் இம்முறையைக் கைக்கொண்டன.

அடுத்த முயற்சிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1993-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் அணி, படிகளே இல்லாத தொடர்மாற்றுக் கியர் பெட்டியொன்றைச் சோதித்தது. இதில் இரு கப்பிகளுக்கிடையே ஒரு பெல்ட் ஓடுகிறது. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிரான இரு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் வெளிவிளிம்பை நோக்கி ஏறும். விலகினால் மையத்தை நோக்கி இறங்கும். இவ்வாறு கியர் விகிதம் சிறிது சிறிதாக இடையறாது மாறுவதால், கார் எவ்வேகத்தில் சென்றாலும் எஞ்சினை அதன் உச்சத் திறன் நிலையிலேயே நிறுத்திவைக்கலாம். இக்கருத்து புதிதன்று, நெதர்லாந்தின் ஹப் வான் டோர்ன் உருவாக்கிய இத்தகைய அமைப்புடன் டாஃப் கார் 1958-ஆம் ஆண்டிலேயே அறிமுகமாகியிருந்தது.

வேல்ஸ் நாட்டின் பெம்பிரே தடத்தில் டேவிட் கூல்ட்ஹார்டு இக்காரை ஓட்டிச் சோதித்தார். ஆனால் 1994-ஆம் ஆண்டு விதிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையுள்ள நிலையான கியர் விகிதங்களையே அனுமதித்து, தொடர்மாற்று முறையை விலக்கின. ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளாமலே அந்த ஆய்வு முடிவுற்றது. ஓட்டுநரின் திறமையே வெற்றியை நிர்ணயிக்க வேண்டும், செலவு கட்டுக்குள் நிற்க வேண்டும் என்பன அக்காலத்து விதி மாற்றங்களுக்குக் கூறப்பட்ட காரணங்கள். அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. எனினும் பயன் தரக்கூடிய ஒரு முறை, பந்தயக் களத்தில் தன் தகுதியைக் காட்டும் வாய்ப்பையே இழந்தது.

இடைவெளியை ஒழித்தல்

படிகள் இருந்தே ஆக வேண்டும் என்றானபின், ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லும் இடைவெளியை ஒழிப்பதில் ஆராய்ச்சி திரும்பியது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு ஏறக்குறைய 83 மீட்டர் கடக்கிறது. கியர் மாற்றத்தில் 0.05 வினாடி விசை தடைப்பட்டால், கார் நான்கு மீட்டருக்கு மேல் உந்துவிசையின்றிச் செல்கிறது. 2005-ஆம் ஆண்டில் பி.ஏ.ஆர். அணி இத்தடையை நீக்கும் கியர் பெட்டியைக் கொணர்ந்தது. இதில் முந்தைய கியர் விடுபடும் முன்னரே அடுத்த கியர் பற்றிக்கொள்கிறது. விசை மேற்கியருக்கு மாறும் கணத்தில் கீழ்க்கியர் விடுபடுகிறது. கண நேரப் பிழை நேரினும் பெட்டி நொறுங்கிவிடும். ஆதலின் மிக நுண்ணிய கட்டுப்பாடு இதற்கு இன்றியமையாதது.

2008-ஆம் ஆண்டில் வேறுவகை விதியொன்று வந்தது. ஒரே கியர் பெட்டி தொடர்ந்து நான்கு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. இடையில் மாற்றினால் தொடக்க வரிசையில் ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்டது. 2014-இல் எட்டு முன்கியர்கள் கட்டாயமாயின. பருவத்திற்கான விகிதங்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதாயிற்று. மொனாக்கோவின் குறுகிய தெருக்களுக்கும் மான்சாவின் நீண்ட நேர்ப்பாதைகளுக்கும் அதே எட்டு விகிதங்கள் பொருந்த வேண்டும். இதனால் வேகத்துடன் நீடித்த உழைப்பும் வடிவமைப்பின் இலக்காயிற்று.

விதிகளில் இருவகை

விதிகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எய்த வேண்டிய பயனை வரையறுக்கும் விதி ஒருவகை. ஒரு வழிமுறையையே விலக்கும் விதி மற்றொரு வகை. நான்கு பந்தயங்களுக்கு உழைக்க வேண்டும் என்ற விதி, அதனை எவ்வாறு எய்துவது என்பதைப் பொறியியலாரின் அறிவிற்கு விட்டுவிட்டது. தொடர்மாற்றுக் கியருக்கு விதிக்கப்பட்ட தடையோ அத்துறையின் ஆராய்ச்சியைப் பந்தயத்திற்கு வெளியே தள்ளிவிட்டது.

வெளியே தள்ளப்பட்டது அழிந்துவிடவில்லை. இந்தியச் சாலைகளில் கியரில்லாத ஸ்கூட்டர்கள் ஓடுவது கூம்புத் தட்டுகளும் பெல்ட்டும் கொண்ட அதே தத்துவத்தினால்தான். 1980-களில் கைனெடிக் ஹோண்டா இதனைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பழுது பார்க்கும் கடையில் இத்தகைய ஸ்கூட்டரின் பக்கமூடி திறந்திருக்கும்போது, இரு கப்பிகளையும் பெல்ட்டையும் மாணவர்க்குக் காட்டி விளக்கலாம். ஃபார்முலா 1 பந்தயத்தில் இடம் மறுக்கப்பட்ட பொறிநுட்பம், ஊர்ச் சாலையில் அன்றாடம் பணிபுரிவதை அவர்கள் நேரில் அறிவர்.