இரவிற் கட்டடங்களைப் படம் பிடித்தல்

மண்டைதீவிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணப் பட்டினத்தை நோக்கி மாலைவேளையில் வருவோர்க்கு, கடனீரேரியின் மறுகரையில் யாழ்ப்பாணக் கோட்டை தோன்றும். போர்த்துக்கேயர் அமைத்து, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவிற் பெருப்பித்த கோட்டை அது. அதனை இரவிற் படம் பிடிக்க விரும்புவோர் பெரும்பாலும் நன்றாக இருட்டும்வரை காத்திருப்பர். பின்னர் படத்தைப் பார்த்தாற் கோட்டையைக் காணார். வீதிவிளக்குகள் மட்டும் வெண்பொட்டுக்களாய்த் தெரியும். இதற்குக் காரணம் யாது?

ஒளியையும் இருளையும் ஒருங்கே கண்டுகொள்ளும் ஆற்றல் நம் கண்ணுக்கு மிகுதி, கமராவுக்குக் குறைவு. நள்ளிரவில் விளக்கின் ஒளிக்கேற்பக் கமராவை அமைத்தால் முருகைக்கல் மதில் கரிய வானோடு கலந்து மறையும். மதிலுக்கேற்ப அமைத்தாலோ விளக்குகள் வெளிறிப் பரந்துவிடும். எனவே இரவுப் படத்துக்கு உகந்த வேளை இரவன்று, அந்தியே. கதிரவன் மறைந்து வானொளி தணிந்து விளக்கொளிக்குச் சமமாகும் அவ்வேளையில் வானம் கருநீலமாயிருக்கும். கட்டடத்தின் விளிம்பு தெளிவாய்ப் பிரிந்து நிற்கும்.

அந்த வேளை எவ்வளவு நீடிக்கும்? கோடைக்கால இலண்டனிற் கதிரவன் மறைந்தபின் 45 நிமிடத்துக்கு மேலும் அந்தியொளி தங்கும். யாழ்ப்பாணத்திலோ கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அது 22 நிமிடமளவே. ஆதலால் மேல்நாட்டு நூல்களின் கணக்கை நம்பித் தாமதிப்பவர் ஏமாறுவர். பகலொளியிலேயே இடந்தேர்ந்து, முக்காலியை நாட்டிக் காத்திருத்தல் வேண்டும்.

ஒளி குறைவாதலின் கமராவின் கண் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் கமரா அசைதலாகாது. தாம்போதியிற் சோளகக் காற்று வலிது. பாரவண்டி கடக்கும்போது நிலமும் அதிரும். முக்காலியின் நடுவிற் கல்லிட்ட பை ஒன்றைத் தொங்கவிடுதலும், விரலால் அழுத்தாது தானியங்கி முறையிற் படமெடுத்தலும் நன்று. இன்றைய கைத்தொலைபேசிகள் பல படங்களை எடுத்துத் தாமே ஒன்றாக்கும் திறனுடையன. எனினும் அவற்றையும் அசையாது நிறுத்தினாலே படம் தெளியும்.

தூரத்தாலும் ஒரு நன்மையுண்டு. உயர்ந்த கட்டடத்தின் அடியில் நின்று கமராவை அண்ணாத்திப் பிடித்தாற் சுவர்கள் மேலே குறுகி, பின்னே சாய்வனபோலத் தோன்றும். தொலைவில் நின்று கமராவை மட்டமாக வைத்தால் நேரானவை நேராகவே அமையும்.

இவ்வளவு முயற்சி ஒரு காட்சியின்பத்துக்காகவோ என வினவலாம். அக்கோட்டையினுள் 1706 இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்தது. கோட்டைக்கு அண்மையில் 1959 இல் திறக்கப்பட்ட பொதுநூலகம் 1981 இல், மே மாதம் முடிந்து யூன் பிறந்த இரவிலே எரியூட்டப்பட்டது. நூலகம் மீண்டும் எழுந்தது, தேவாலயம் எழவில்லை. அது நின்ற கோலத்தை இன்றைய மாணாக்கர் முன்னோர் எடுத்த படங்களிலேயே காண்கின்றனர்.

ஆதலின் படமெடுப்போர், எடுத்த நாள், நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகியவற்றையும் உடன் குறித்து வைத்தல் கடமையாகும். குறிப்பில்லாத படம் அழகு மட்டுமே. குறிப்புள்ள படம் சான்றுமாகும்.