கன்னி, சிப்பிப்பாறை நாய் வாங்கப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

சங்கரன்கோவிலில் இருந்து கழுகுமலை வழியாக கோவில்பட்டி போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசல் காடுதான். இந்தத் திறந்தவெளியில் முயல் விரட்டவே வளர்க்கப்பட்ட நாய்கள்தான் கன்னியும் சிப்பிப்பாறையும். இப்போ ரீல்ஸ் பார்த்துட்டு சிட்டியில் இருப்பவர்களும் குட்டி தேடுகிறார்கள். ஆனா, ஓடப் பிறந்த நாயை எங்கே ஓட விடப் போறோம்னு யோசிச்சீங்களா?

எது கன்னி, எது சிப்பிப்பாறை?

ரெண்டுக்கும் உடல்வாகு ஏறக்குறைய ஒண்ணுதான். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலேயும் கால்களிலும் செம்பழுப்பு நிறம் இருந்தால் கன்னி. வெளிர் நிறத்தில் இருந்தால் பால்கன்னி. கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால்தான் கன்னி என்ற பெயர் வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.

சிப்பிப்பாறை என்பது கரிசல் பகுதியில் உள்ள ஒரு ஊரின் பெயர். செவலை, சாம்பல், சந்தன நிறங்களில் இருக்கும். பக்கத்து ஊரான ராஜபாளையத்தின் வெள்ளை நாய் வேறு இனம். அதற்கு 2005-லேயே தபால் தலை வெளியானது. 2020 ஆகஸ்ட் 30 அன்று 'மன் கி பாத்' உரையில் பிரதமர் மோடி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் குறிப்பிட்ட பிறகு நாடு முழுக்க இவற்றின் மீது கவனம் திரும்பியது.

இவ்வளவு வேகம் எப்படி?

இவை மோப்பத்தைவிட கண்ணை நம்பி வேட்டையாடுபவை. ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீளமான கால். முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலிலும் ரெண்டு முறை நாலு காலும் தரையில் படாது. கிரேஹவுண்ட், சலூகி நாய்களும் இப்படித்தான் ஓடும்.

வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

கூடவே கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். சிறைத் தண்டனை, அபராதம் ரெண்டும் உண்டு. நாயை விட்டு முயல் பிடிக்கிற வீடியோவைப் போட்டால், அதுவே உங்களுக்கு எதிரான ஆதாரமாகும். நாய் செய்துவந்த வேலை போய்விட்டது. ஆனால் ஓடணும்கிற துடிப்பு அதன் ரத்தத்தில் அப்படியே இருக்கு. சிக்கலே இங்கேதான்.

குணம் எப்படி?

தேவையில்லாமல் குரைக்காது. வீட்டில் ஒருத்தரிடம் அதிகம் ஒட்டும், புது ஆட்களிடம் விலகியே நிற்கும். அடித்து, அதட்டிப் பழக்கினால் மிரண்டுவிடும். பூனை, கோழி குறுக்கே ஓடினால் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்துவிடும். அதனால் ரோட்டில் சங்கிலி இல்லாமல் விடவே கூடாது.

எப்படி வளர்க்கணும்?

* தினமும் காலை, மாலை ஓட்டம் வேணும். வேலி போட்ட தோட்டம், காலி மைதானம் நல்லது. நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் கடிப்பது, பொருளை நாசம் செய்வது என்று அதன் குணமே மாறும்.
* மதிய வெயிலில் ஓட விடாதீங்க. சாப்பிட்ட உடனேயும் ஓட விடக் கூடாது. ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.
* விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. 'சாப்பாடே போடலையா?'ன்னு பக்கத்து வீட்டில் கேட்பாங்க. அதற்காகக் கொழுக்க வைக்காதீங்க. கம்பு, கேழ்வரகுக் கூழோடு முட்டை, இறைச்சியும் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு வேண்டாம்.
* தோல் மெல்லியது, கொழுப்பு குறைவு. மார்கழிக் குளிரில் சாக்கு விரிப்பாவது வேணும். உண்ணி இருக்கான்னு தினமும் பாருங்க.
* 3 மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் போடணும்.
* அறுவை சிகிச்சை என்றால் இது வேட்டை நாய் இனம் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. சில மயக்க மருந்துகளின் பிடியில் இருந்து மீள இவற்றுக்கு அதிக நேரம் ஆகும்.

குட்டி வாங்கும்போது?

8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது விதி. தாய் நாயை நேரில் பாருங்க. நெருங்கிய ரத்த உறவில் இணை சேர்த்த குட்டியா என்று கேளுங்க. கலப்பைப் போலவே இதுவும் இனத்தைக் கெடுக்கும்.

நாட்டு நாயைக் காப்பாற்ற நினைப்பது நல்ல விஷயம்தான். ஆனா ஒரு மணி நேரம் ஓட இடமும், கூட வர ஆளும் இல்லைன்னா இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்கு நாம் செய்யும் நல்லது.