இன்ஹேலர் கடைசி மருந்தா?

ஆஸ்துமாவுக்கு மாத்திரை என்றால் தயங்காமல் விழுங்குகிறவர்கள், இன்ஹேலர் என்றதும் பின்வாங்குகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கான கடுமையான மருந்து அது என்பது அவர்கள் எண்ணம். கணக்கோ நேர்மாறானது. ஆஸ்துமாவுக்குத் தரப்படும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது பெரும்பாலும் 100 மைக்ரோகிராம்தான். 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்து, ரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றித்தான் மூச்சுக்குழாயை அடைகிறது. கைநடுக்கமும் படபடப்பும் அந்தச் சுற்றுவழிக்கு நாம் கொடுக்கும் கூலி. மூச்சோடு இழுக்கும் மருந்து நேரே மூச்சுக்குழாயில் இறங்கி, சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பழகினால் விட முடியாதே என்பார்கள். மருந்து தொடர்ந்து தேவைப்படுவது நோயின் இயல்பால், அடிமைப்படுத்துவதால் அல்ல. மூச்சுத் திணறும்போது இழுக்கும் நிவாரண இன்ஹேலரை அடிக்கடி தேட வேண்டியிருந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இழுத்தும் பலனில்லை என்ற புகாரில் மட்டும் நியாயம் உண்டு: அழுத்துவதும் இழுப்பதும் ஒருசேர அமையாவிட்டால் மருந்து தொண்டையிலேயே படிந்துவிடும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்திக்கொண்டால் குழந்தைகளும் முதியவர்களும்கூட எளிதாக இழுக்கலாம்.