மிச்சம் வைத்த மட்டன் குழம்பும் மீதி மாத்திரையும்... குடல் சுவரை உடைக்கும் 2 நச்சுகள்!

நேற்று மதியம் வைத்த மட்டன் குழம்பு, ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே இருந்தது. காலையில் லேசாகச் சூடு பண்ணி இட்லிக்குத் தொட்டுக்கொண்டாயிற்று. சாயங்காலம் வயிற்றைப் பிசைகிறது, பேதியும் ஆரம்பித்துவிட்டது. 'ஏதோ ஒத்துக்கலை' என்று சொல்லி விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். ஆனால், உள்ளே நடப்பது ஒரு சுவர் இடிப்பு!

ஒற்றை வரிசைச் சுவர்

குடலின் உள்சுவர் ஒரே ஒரு வரிசை செல்களால் ஆனது. தலைமுடியைவிட மெல்லியது. ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள், மறுபக்கம் ரத்தம். செங்கற்களுக்கு நடுவே சிமென்ட் இருப்பதுபோல, செல்களுக்கு நடுவே 'கிளாடின்' உள்ளிட்ட புரதங்கள் இடைவெளியை அடைத்து நிற்கின்றன. இதன் வேலை, சத்துகளை உள்ளே விட்டு, கிருமிகளைத் தடுப்பது.

சிமென்ட்டைப் பிடிக்கும் நச்சு

'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள், குழம்பு கொதித்தாலும் சாகாது. பெரிய பாத்திரத்தில் குழம்பு மெதுவாக ஆறும்போது அவை முளைத்து மளமளவெனப் பெருகும். சாப்பிட்ட பிறகு, குடலுக்குள் போய்த்தான் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு கிளாடினையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு செல்லில் ஓட்டை போடும். 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்றுவலி, பேதி.

கிளாடினை 1998-ல் கண்டறிந்தது, ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த ஷோய்சிரோ சுகிதாவின் குழு. மறு ஆண்டே இந்த நச்சின் ஒரு துண்டை, ஆய்வகத்தில் வளர்த்த செல்களின்மீது செலுத்திப் பார்த்தார்கள். ஒரு வகை கிளாடின் காணாமல்போய், செல் சுவர் கசியத் தொடங்கியது!

எலும்புக்கூட்டைச் சரிக்கும் நச்சு

அடுத்தது, 'சி.டிஃப்' எனப்படும் பாக்டீரியா. சளிக்கும் காய்ச்சலுக்கும் தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடும்போது, குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களும் அழிகின்றன. காலியான இடத்தில் இது குடியேறுகிறது. இதன் நச்சுகள் செல்லுக்குள் புகுந்து, செல்லைத் தாங்கும் எலும்புக்கூடு போன்ற இழைகளைக் குலைத்துவிடும். செல்கள் சுருங்க, இடையே விரிசல் விழும். அதன் வழியே மற்ற கிருமிகளும் நுழைய, பெருங்குடல் புண்ணாகும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன செய்யலாம்?

* மிச்சக் குழம்பைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது தளதளவெனக் கொதிக்கவிடுங்கள்.

* டாக்டர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம். பழைய சீட்டு, மீதி மாத்திரை எதுவும் வேண்டாம்.

* சி.டிஃப் விதைத்துகள்களை சானிடைசர் கொல்லாது. சோப்பு போட்டு, தண்ணீரில் கழுவுங்கள்.

* பேதியானால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைத் தானாகப் போடக் கூடாது. நச்சு உள்ளேயே தங்கிவிடலாம்.

குடல் செல்கள் 3 முதல் 5 நாள்களில் புதிதாக முளைப்பவை. அதனால், பெரும்பாலானோருக்குச் சுவர் தானாகச் சரியாகிவிடும். ஆனால் ரத்தம் கலந்த பேதி, காய்ச்சல், சிறுநீர் குறைவது இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். குழந்தைகள், முதியவர்கள் என்றால் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.