பூங்காவில் பித்தளைக் குழாய் அபேஸ்! குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தார் தோட்டக்காரர்

(நமது நிருபர்)

எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். பெயரைப் போட்டால் அவர் வேலைக்கு வேட்டு வந்துவிடும். சென்னை நகருக்குள் இருக்கிற ஒரு பூங்கா. அவ்வளவுதான்.

காலை 5½ மணி. வாக்கிங் போகிறவர்கள் இன்னும் வரவில்லை. தோட்டக்காரர் கேட்டைத் திறந்து உள்ளே போனார். ஹோஸை இழுத்துப் போட்டார். குழாயைத் திறக்கக் கையை நீட்டினார்.

குழாயே இல்லை!

ராத்திரியோடு ராத்திரியாக மர்ம ஆசாமிகள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். ஒன்றல்ல, மூன்று குழாய். மூன்றும் பித்தளை. போகிற போக்கில் போர் மோட்டாருக்குப் போகும் கேபிளையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருப்பது செம்புக் கம்பி. காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் உடனே காசு.

அதுவும் கத்திரி வெயில் நேரம்.

"பூச்செடி போனா போவட்டும் தம்பி. வேற வாங்கி வச்சுக்கலாம். கன்னு போயிடுமோன்னுதான் வயித்தைக் கலக்கிடுச்சு" என்றார் அவர். வயது அறுபதைத் தொடுகிறது. முண்டாசைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூணாவது கன்று

அவர் சொல்கிற கன்று ஒரு புங்கன். இப்போது தோள் உயரம் வந்திருக்கிறது. அது நிற்கிற இடத்தில் முன்பு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. பெஞ்சு போட்டு இருபது பேர் உட்காரலாம், அப்படி ஒரு நிழல். 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் வந்ததே, அன்றைக்கு வேரோடு சாய்ந்தது. அந்தப் புயலில் நகரம் முழுக்கத் தூங்குமூஞ்சி, குல்மொகர் என்று வெளியூரிலிருந்து வந்த மரங்கள் நிறையச் சாய்ந்தன. இனிமேல் நாட்டு மரம்தான் என்று இங்கே முடிவு செய்தார்கள்.

முதலில் வைத்த கன்று 2019 கோடையில் காய்ந்து போயிற்று. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷம். மனுஷனுக்கே தண்ணீர் இல்லாதபோது மரத்துக்கு யார் கொடுப்பார்கள்? இரண்டாவது கன்றைக் கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்பாக வைத்துக்கொண்டார்கள். அதுவும் போச்சு. இது மூணாவது.

புங்கனோடு சேர்த்து மொத்தம் 11 கன்று. கன்றுக்கு இரண்டு குடம் என்றால் 22 குடம். பூங்காவுக்கு வெளியே தெருமுனையில் அடிபம்பு. அங்கிருந்து சுமந்து வந்து ஊற்றினார். கேபிள் போட ஆள் வந்தது நாலாம் நாள். அதுவரை மூன்று நாளும் அவர்தான் மோட்டார்! பெருக்குகிற வேலைக்கு வரும் ஒரு அம்மாவும் கூடமாட நாலு குடம் தூக்கினாராம்.

ரோஜாவும் டேலியாவும் கருகிவிட்டன. கன்று ஒன்றுகூடச் சாகவில்லை.

சரி, திருட்டுக்கு யார் பொறுப்பு? காலை முதல் மதியம் வரைதான் அவருக்கு வேலை. ராத்திரி பூங்காவில் என்ன நடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, "நீ என்ன பண்ணிக்கினு இருந்தே?" என்று கேட்டாராம். வாய் பேசாமல் தன் காசில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி மாட்டினார். இரண்டே நாளில் ஒரு பொடியன் அதன் மேல் ஏறி நின்றான். படக்! பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஓட்டினார்.

பாட்டில் சில்லு

பூங்கா வேலை என்றால் நிழலில் நின்று தண்ணீர் காட்டுகிற வேலை என்று நானும்தான் நினைத்திருந்தேன். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். அதை ஓடவிட்டுத்தான் செடியிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் செடி வெந்துபோகும்.

களை எடுப்பதுதான் பெரும் பாடு. கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு உண்டு. மேலே இலையை மட்டும் கிள்ளினால் ஒரே வாரத்தில் மறுபடி தலையை நீட்டும். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, களைக்கொத்தியால் கிளறி, வேரைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கை எடுக்க வேண்டும். கையுறை போட்டால் கிழங்கு விரலுக்குத் தட்டுப்படாது. வெறுங்கைதான்.

அங்கேதான் ஆபத்து. ராத்திரி சுவர் ஏறிக் குதிக்கிற குடிமகன்கள் பாட்டிலை உடைத்துப் புல்லில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் வலது உள்ளங்கையைப் பார்த்தேன். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. நாலு தையல். அன்றைக்கு வேலை பாதியில் நின்றது, கூலியும் பாதிதான்.

பகலில் வேறு வகை ஆட்கள். கேரி பேக்கோடு வந்து செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி என்று ஒரு செடி விடாமல் பறிக்கிறார்கள். எல்லாம் கவுரவமான ஆட்கள்தான்! கேட்டால், "சாமிக்குத்தானேப்பா" என்று பதில்.

22 குடம் தண்டனை!

"குழாய் போனதுக்குப் போலீசிலே சொல்லலையா பெரியவரே?" என்று கேட்டேன்.

"குழாய்க்கெல்லாம் யாரு தம்பி ஓடியாருவாங்க?" என்றார்.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதா சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் 303-வது பிரிவு திருட்டுக்கானது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் ஜெயில் இல்லை. சமூக சேவைதான் தண்டனை.

பெரியவர் சிரித்துவிட்டார். "அப்போ ஆளைப் புடிச்சா எங்கிட்டயே அனுப்பச் சொல்லு தம்பி. அடிபம்புலேர்ந்து இருபத்திரெண்டு குடம் தூக்கட்டும்!"

இப்போது மூன்று இடத்திலும் மறுபடி பித்தளைக் குழாய் வந்துவிட்டது. இரண்டுக்கு இரும்புப் பெட்டி செய்து பூட்டுப் போட்டிருக்கிறார்கள். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது. புங்கன் பக்கத்தில் இருக்கும் குழாய்க்கு மட்டும் இன்னும் பெட்டி வரவில்லை. மதியம் வேலை முடிந்ததும் வால்வை அடைத்துவிட்டு, அந்தக் குழாயைத் திருகிக் கழற்றி, மதியச் சோற்றுத் தூக்கோடு பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.